வாசிப்பே நுழைவுக் கட்டணம்: இணையத்தில் எழுதப் பழகுவோர் குழுமங்களின் அமைப்பு குறித்து

எழுதப் பழகுகிறவர்களுக்குத் தமிழ் இணையத்தில் இடப் பஞ்சம் கிடையாது. முகநூலில் ஒரு பதிவாகவோ பிரதிலிபி போன்ற செயலியில் ஒரு தொடராகவோ யாரும் எப்போதும் எதையும் வெளியிடலாம். பதிப்பாசிரியரின் பதில் கடிதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்த தலைமுறைக்கு இது பெரிய விடுதலைதான். ஆனால் இடப் பஞ்சம் தீர்ந்த பிறகு வேறொரு பஞ்சம் வெளியே தெரிகிறது. ஒரு புதியவரின் கதையைக் கடைசி வரிவரை படித்து, அது எந்த இடத்தில் சறுக்கியது என்று சொல்லும் வாசகர் கிடைப்பதில்லை. கூர்ந்து படிப்போர் தொகை குறைவாக உள்ள மொழியில், எழுதுவோர் குழுமம் நிலைக்க வேண்டுமானால் வாசிப்பை அதன் உறுப்பினர் கடமையாக்க வேண்டும். தனிமனித நல்லெண்ணத்துக்கு விட்டுவிட்டால் அது நடக்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்தக் கடமையை விதியாகவே எழுதிவைத்த குழுமங்கள் உண்டு. அமெரிக்க அறிபுனை எழுத்தாளர் ஆண்ட்ரூ பர்ட் 1995இல் தொடங்கிய கிரிட்டர்ஸ் அவற்றில் முதன்மையானது. அதன் நடைமுறை எளியது. உறுப்பினர் அனுப்பும் கதை வரிசையில் நிற்கும். வாரந்தோறும் வரிசையின் முன்னால் உள்ள சில கதைகள் எல்லோருக்கும் வாசிக்கக் கிடைக்கும். நான்கு வாரத்தில் மூன்று வாரமாவது ஒவ்வொருவரும் யாரேனும் ஒருவர் கதைக்கு விமரிசனம் எழுதியிருக்க வேண்டும். கணக்கு குறைந்தவரின் கதை முறை வந்தாலும் வெளியே போகாது. ஒரே வாரத்தில் பத்து விமரிசனம் எழுதியவரின் கதையோ வரிசையைத் தாண்டி முன்னுக்கு வந்துவிடும். சொல்லும் குறையைப் பண்போடு சொல்ல வேண்டும் என்பதும் விதியில் சேர்ந்தது. 2003இல் ஐஸ்லாந்தில் தோன்றிய கிரிட்டிக் சர்க்கிள் இதே கொள்கையைப் புள்ளிக் கணக்காக மாற்றியது: பிறர் கதைக்கு விமரிசனம் எழுதிச் சேர்த்த புள்ளிகளைச் செலவிட்டால்தான் தன் கதையை முன்வைக்க முடியும்.

இதை வெறும் கொடுக்கல் வாங்கல் நியாயமாகப் பார்ப்பது போதாது. எழுதுபவருக்கு அடுத்தவரின் முதல் வரைவைப் படிப்பதைவிடச் சிறந்த பயிற்சி குறைவு. செம்மையாகி அச்சேறிய கதை, நல்ல தையற்காரர் தைத்த சட்டையைப்போலத் தன் மடிப்பையும் ஒட்டையும் வெளியே காட்டாது. புதுமைப்பித்தனைப் படித்து வியக்கலாம். அவர் எதை அடித்தார், எங்கே தயங்கினார் என்று அச்சுப் பக்கம் சொல்லாது. அரைகுறையாக நிற்கும் கதைதான் தேவையில்லாத முன்னுரையையும், ஆசிரியரின் குரலில் பேசிவிடும் பாத்திரத்தையும், அவசரமாக வந்து முடித்துவைக்கும் சாவையும் அப்பட்டமாகக் காட்டுகிறது. பிறர் கதையில் பத்து முறை கண்ட பிழையைப் பதினோராவது முறை தன் கதையில் காணக் கண் பழகிவிடும். ஆகவே கட்டாய விமரிசனத்தால் அதிகம் பயன் பெறுபவர் அதை எழுதுபவரே என்று துணிந்து சொல்வேன்.

இதற்கு எதிராக வலுவான சான்று ஒன்று இருக்கிறது. செசிலியா அரகோன், கேட்டி டேவிஸ் இருவரும் எழுதி 2019இல் எம்.ஐ.டி. பதிப்பகம் வெளியிட்ட ‘ரைட்டர்ஸ் இன் த சீக்ரெட் கார்டன்’ என்ற நூல் ஃபேன்ஃபிக்ஷன் தளங்களை ஆராய்கிறது. ஏற்கெனவே புகழ்பெற்ற கதைகளின் பாத்திரங்களை வைத்து ரசிகர்களே புதுக்கதை எழுதும் உலகம் அது. அங்கே எந்தக் கட்டாயமும் இல்லை. கருத்துரைகளில் பெரும்பகுதி ஓரிரு வரிப் பாராட்டு. ஆயினும் கருத்துரைகள் கூடக்கூட எழுதுபவரின் சொல்வளமும் கூடுவதாக அவர்களின் கணக்கு காட்டுகிறது. ஏறத்தாழ 650 கருத்துரை பெறுவது ஒரு வயது கூடுவதற்குச் சமமான வளர்ச்சியோடு சேர்ந்து வருகிறது என்கிறார்கள். சின்னச் சின்ன உதவிகள் ஆயிரம் கைகளிலிருந்து வந்து சேரும்போது அதுவே ஆசானாகிவிடுகிறது என்பது அவர்களின் முடிவு. அப்படியானால் விதியும் வரிசையும் எதற்கு?

இந்த ஆய்வை மதித்தே மறுக்க வேண்டும். சொல்வளம் அளக்கக்கூடியது, அதனால் அளந்தார்கள். ஒரு கதையின் பார்வைக்கோணம் குலைந்ததா, முடிவு தானாக விளைந்ததா என்பதை அந்த அளவுகோல் தொடாது. அதைவிட முக்கியமானது எண்ணிக்கை. ஆங்கிலத்தில் ஹாரி பாட்டர் ரசிகர் எழுதும் சுமாரான கதைக்கும் நூறு பேர் வந்துவிடுவார்கள். தமிழில் குடும்பத் தொடர்களுக்கு அப்படியொரு கூட்டம் உண்டு. அடுத்த அத்தியாயத்துக்காகக் காத்திருக்கும் அந்த வாசகியர் எழுதுபவரை நிறுத்தாமல் எழுதவைக்கிறார்கள், அது சிறிய கொடையல்ல. ஆனால் அந்த வகைமைக்கு வெளியே ஒரு சிறுகதையோடு வருபவருக்கு ஐந்து கருத்துரை கிடைத்தாலே அபூர்வம். 650ஐ எட்ட அவர் எத்தனை ஆண்டு காத்திருப்பார்? பெருக்கத்தை நம்ப முடியாத இடத்தில் ஒவ்வொரு கருத்துரையும் கனமாக இருந்தாக வேண்டும்.

கனம் என்றால் என்ன? ஓர் எடுத்துக்காட்டை அமைத்துப் பார்க்கலாம். அப்பா இறந்த செய்தியோடு மகன் இரவுப் பேருந்தில் ஊருக்குப் போகிறான் என்று ஒரு கதை. “அருமை. கண் கலங்கிவிட்டது. தொடர்ந்து எழுதுங்கள்” என்பது ஒரு வகைக் கருத்துரை. “இரண்டாம் பத்தியிலேயே சாவைச் சொல்லிவிட்டீர்கள். அதற்குப் பிறகு விழுப்புரத்தில் டீ குடிக்க இறங்கும் இடத்தில் அவன் சில்லறைக்காகத் தகராறு செய்கிறான். அந்தத் தகராறில் எனக்கு அவன் துக்கம் புரிந்தது. ஆனால் அடுத்த வரியிலேயே ‘துக்கம் தொண்டையை அடைத்தது’ என்று நீங்களே விளக்கிவிட்டீர்கள்” என்பது இன்னொரு வகை. இரண்டாவதில் கடுமையான சொல் ஒன்றுகூட இல்லை. அதை எழுத ஆனது கால்மணி நேரமும் ஒரு மறுவாசிப்பும். முதலாவது மனத்தைத் தேற்றும். இரண்டாவது அந்த வரியை நீக்கவைக்கும்.

ஃபேன்ஃபிக்ஷன் உலகம் வேறொன்றைக் கற்றுத்தருகிறது, அது என் வாதத்துக்கே துணை செய்கிறது. அங்கே கருத்து சொல்பவர்கள் எல்லோரும் மூலக்கதையை வரிவரியாக அறிந்தவர்கள். பொதுவான பாடம் ஒன்று முன்பே அவர்களைச் சேர்த்துவைத்திருக்கிறது. தமிழ்க் குழுமங்களில் பலவேளை இதுதான் இல்லை. ஒருவர் சுஜாதாவை மட்டும் படித்திருப்பார், இன்னொருவர் ரமணிசந்திரனை, மூன்றாமவர் மொழிபெயர்ப்புகளை. சேர்ந்து படித்த கதை ஒன்றுமே இல்லாதபோது விமரிசனம் ருசிச் சண்டையாக முடிகிறது.

இணையம் வருமுன்பே தமிழர் இதற்கு விடை கண்டிருந்தனர். சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கிய ‘எழுத்து’ 119 இதழ்கள் வந்து 1970இல் நின்றது. பரவலான விற்பனை அதற்கு ஒருபோதும் இருந்ததில்லை. ஆனாலும் தில்லியில் வேலை பார்த்த வெங்கட் சாமிநாதன் அதில் எழுதியே விமரிசகரானார். இருபது வயதை ஒட்டிய தருமு சிவராமு திருகோணமலையிலிருந்து கவிதையும் கட்டுரையும் அனுப்பினார். ந. பிச்சமூர்த்தியின் கவிதைகளை இதழ் முன்வைத்தது. அவற்றைப் படித்த இளைஞர் புதுக்கவிதை எழுதினர். 1962இல் 24 கவிஞரின் 63 கவிதைகளோடு ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு வந்தது. பொதுப்பாடம், அதைப் பற்றிய வாதம், அதன்பின் படைப்பு என்ற வரிசை அங்கே தெளிவாகத் தெரிகிறது. 1970இல் சென்னையில் தோன்றிய இலக்கியச் சிந்தனை அமைப்போ வாசிப்பை நேரடியாகவே கடமையாக்கியது: மாதந்தோறும் இதழ்களில் வந்த கதைகளை ஒருவர் பொறுப்பேற்றுப் படித்து, கூட்டத்தில் பேசி, ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். வெளியூரிலிருந்து எழுதிய, முகம் தெரியாத ஒருவரின் கதையையும் யாரோ ஒருவர் படித்தே தீர வேண்டிய ஏற்பாடு அது.

கட்டாயம் பயமுறுத்தும் என்ற மறுப்பு நியாயமானது. வீட்டாருக்குத் தெரியாமல் புனைபெயரில் எழுதும் பெண்கள் தமிழ் இணையத்தில் உண்டு. பொதுவெளியில் ஒரே ஒரு ஏளனம் போதும், அவர்களில் சிலர் எழுத்தையே விட்டுவிட. ஆகவே வரைவுகளைப் படிக்கும் அறை மூடிய அறையாக, பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேற்படாததாக இருக்க வேண்டும் என்பேன். அமெரிக்காவில் 1968இல் தொடங்கிய கிளாரியன் எழுத்துப் பட்டறையில் ஒவ்வொருவராகப் பேசி முடிக்கும்வரை கதாசிரியர் வாய் திறப்பதில்லை. தன் கதைக்காக வழக்காடும் சுமை அவருக்கு இல்லை. இந்த ஒழுங்கை ஜூம் கூட்டத்தில் அப்படியே பின்பற்றலாம். நாளொன்றுக்கு நூறு ‘காலை வணக்கம்’ வந்து விழும் வாட்ஸ்அப் குழுவில் முடியாது.

இப்படி எழுதப்படும் விமரிசனங்கள் எங்கே நிலைத்திருக்கும் என்ற இன்னொரு கேள்வி எஞ்சுகிறது. அகத்தியர், ராயர் காபி கிளப், மரத்தடி முதலிய யாஹூ குழுமங்களில் 2000களின் தொடக்கத்தில் நடந்த வாதங்கள் பலரை எழுதவைத்தன. யாஹூ நிறுவனம் 2019இல் குழும உள்ளடக்கத்தை அகற்றப்போவதாக அறிவித்தது. 2020 டிசம்பரில் சேவையே நின்றது. ‘எழுத்து’ இதழின் வாதங்களை இன்றும் ஓர் ஆய்வாளர் பக்கம் புரட்டிப் பார்க்கலாம். அதற்கு நாற்பதாண்டு பிந்தி நடந்தவற்றைத் தனிமனிதர்கள் சேமித்துவைத்திருந்தால்தான் உண்டு. எனவே புதிதாகக் குழுமம் தொடங்குகிறவர்கள் உறுப்பினர் ஒப்புதலோடு மாதந்தோறும் விமரிசனங்களை எளிய உரைக்கோப்பாக இறக்கி, குறைந்தது இருவர் பொறுப்பில் வேறு வேறு ஊரில் வைப்பதை முதல் நாள் விதிகளிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். வெளியிட விரும்பாதவரின் பெயரையும் வரைவையும் நீக்கிவிட்டு விமரிசனத்தை மட்டும் காப்பதற்கும் அதிலேயே வழி செய்யலாம்.