துண்டும் டிக்கட்டும்

நேயர்களே, மலையக வரலாற்றைப் பேச வருபவர்கள் பெரும்பாலும் புகையிரதத்தில் ஏறிக்கொண்டே பேசத் தொடங்குவார்கள். பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924இல். தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புத் துறைமுகத்தில் சேர்ப்பதே அந்த இருப்புப் பாதையின் தலையாய நோக்கம். பதுளையோடு அது நின்றும் விட்டது. அதற்கப்பால் பசறை, மடுல்சீமை, லுணுகலை என்று விரியும் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு வெளியுலகத்தின் வாசலாக இருந்தது பஸ் வண்டிதான். அந்த வண்டியின் வரலாற்றை மூன்று காகிதங்களைக் கொண்டு சொல்லலாம்.

முதலாவது காகிதம், துண்டு. வெள்ளைக்காரத் துரைமாரின் ஆங்கிலத்திலும் அப்படியே ஏறிவிட்ட தமிழ்ச் சொல் இது. ஒரு தொழிலாளி வேறு தோட்டத்திற்குப் போக விரும்பினால், இவ்வளவு கடனைச் செலுத்தினால் இவரை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கடன் எங்கிருந்து வந்தது? தமிழகத்திலிருந்து வந்த வழிச்செலவே கங்காணியின் கணக்கில் கடனாக ஏறியிருக்கும். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே கால்நடையாக வந்தவர்கள், நடந்ததற்கே கடன்பட்டார்கள். அந்தக் கடன் தீராமல் மறுபடியும் நகர முடியாமல் நின்றார்கள். 1921இல் துண்டு முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது.

இரண்டாவது காகிதம், பஸ் டிக்கட். ஆரம்பத்தில் பஸ்கள் தனியார் கம்பனிகளின் கையில் இருந்தன. ஒரே பாதையில் பல வண்டிகள் போட்டியிட்டு ஓடின. 1942இல் வந்த அனுமதிப்பத்திரச் சட்டம் அந்தப் போட்டியை ஓரளவு ஒழுங்குபடுத்தியது. பின்னர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவின் அரசாங்கம் பஸ் சேவையைத் தேசியமயமாக்கி, 1958 ஜனவரி 1ஆம் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபையைத் தொடங்கியது. நாம் "இ.போ.ச." என்று அழைக்கும் சிவப்பு பஸ் அப்படித்தான் பிறந்தது.

டிக்கட் யாருடைய கடனையும் கேட்பதில்லை. பிரட்டுக்களத்தில் துரைக்கு முன் கைகட்டி நின்றவர், காசு கொடுத்தால் கிராமத்துச் சிங்களவருக்கும் பட்டணத்து முஸ்லிம் வியாபாரிக்கும் பக்கத்தில் உட்காரலாம். "இஸ்ஸரஹட்ட யன்ன" என்ற கொண்டக்டரின் சிங்களம், பள்ளிக்கூடத்தை எட்டிப் பாராத நம் ஆச்சிமாருக்கும் பஸ்ஸிலேயே பாடமாயிற்று.

ஆனால் அதே பஸ்ஸின் இலக்கத் தகட்டிலும் ஒரு சோகம் ஒட்டியிருந்தது. 1957 முதல் வாகனங்களின் இலக்கத் தகடுகளில் சிங்கள "ஸ்ரீ" எழுத்து இடம்பெற்றது. 1958இல் அந்த எழுத்தைத் தாங்கிய அரச பஸ்கள் வடக்கே அனுப்பப்பட்டபோது எதிர்ப்பு மூண்டது. வண்டி எல்லாருக்கும் பொது. அதன் எழுத்து மட்டும் ஒரு மொழியினதாக இருந்தது.

இனி மூன்றாவது காகிதம். அது வாக்குச் சீட்டு. 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸின் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பிய மக்கள், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் நாடற்றவர்களாய், வாக்கற்றவர்களாய் ஆனார்கள். ஆக, சிவப்பு பஸ் மலையேறி வந்த காலத்தில், அதில் ஏறிய நம்மவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் டிக்கட் இருந்தது, நாடு இருக்கவில்லை. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்கிட்டது. இந்தத் தோட்டங்களிலிருந்து புறப்பட்டவர்கள் மலைப்பாதையில் பதுளைக்கு இறங்கி, "ஒப்பாரிக் கோச்சி" ஏறித் தலைமன்னார் போய், இராமேஸ்வரத்திற்குக் கப்பலேறினார்கள். எஞ்சியவர்களில் நாடற்றிருந்தோரின் குறை 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால்தான் தீர்ந்தது.

1979க்குப் பின் தனியார் பஸ்கள் மீண்டும் வந்தன. கூடவே வண்ணங்களும் வந்தன. சாரதியின் தலைக்கு மேலே புத்தர், கதிர்காமக் கந்தன், மாதா ஆகியோரின் படங்கள். சுற்றிலும் பிளாஸ்டிக் பூமாலை, மினுங்கும் விளக்கு, காதைப் பிளக்கும் பாட்டு. மடுல்சீமையின் "சின்ன உலக முடிவு" பார்க்க வரும் பிரயாணிகள் இந்த வண்டிகளைப் படமெடுத்து மகிழ்கிறார்கள். மகிழட்டும். நமக்கோ அது படம் அல்ல; பிள்ளை பள்ளிக்குப் போவதும், நோயாளி பதுளை ஆஸ்பத்திரிக்குப் போவதும் அந்த வண்டியில்தான்.

2021 மார்ச் 20ஆம் திகதி, லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற தனியார் பஸ் பசறை 13ஆம் கட்டைக்கருகே பள்ளத்தில் வீழ்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மலையிலிருந்து சரிந்த பாறையொன்று பாதையின் ஒரு பகுதியை அடைத்துக் கிடந்தது. பிரதான வீதியின் நிலை அது. சந்தியில் பஸ்ஸை விட்டிறங்கி லயத்திற்கு நடக்கும் தோட்டப் பாதைகள் பலவற்றின் நிலையை நேயர்களே அறிவீர்கள்.

துண்டு ஒழிந்தது. வாக்குச் சீட்டு திரும்பிவிட்டது. டிக்கட்டுக்குக் காசு கொடுப்பவருக்குப் பத்திரமாக வீடு சேரும் பாதையும் வேண்டும். வாக்குக் கேட்டு மலையேறி வருபவர்களிடம், அவர்கள் வந்த பாதையைக் காட்டியே அதை நாம் கேட்க வேண்டும்.