கடல் கடந்த விதை, கடக்காத மண்

கியூபாவின் மேற்குக் கோடியில் பினார் தெல் ரியோ மாகாணம். அங்கே சான் லூயிஸ், சான் ஹுவான் இ மார்த்தினெஸ் என்ற இரண்டு சிற்றூர்களைச் சுற்றிக் கிடக்கும் மணல் கலந்த செம்மண் பூமிக்கு வுவெல்தா அபாஹோ என்று பெயர். ஹவானா சுருட்டு என்று உலகம் விலை பேசும் பொருளின் இலை பெரும்பாலும் இந்த மண்ணில் விளைகிறது. மழை ஓய்ந்த அக்டோபரிலிருந்து நாற்று நடுவார்கள். ஜனவரி முதல் இலை பறிப்பார்கள். செடியை அடியோடு வெட்டிச் சாய்ப்பதில்லை. கீழிருந்து மேலாக, தடவைக்கு இரண்டு மூன்று இலையாக, நடுவில் சில நாள் விட்டுவிட்டுப் பறிக்கிறார்கள். ஒரு செடியின் இலை முழுவதும் வீடு வந்து சேர ஒரு மாதத்துக்கு மேலாகும்.

இவ்வளவு பொறுமைக்குக் காரணம் உண்டு. ஒரே வேரில் நின்றாலும் அடி இலையும் நுனி இலையும் குணத்தில் வேறு. நிழலில் கிடக்கும் அடி இலைக்கு வொலாடோ என்று பெயர்; மெலிதாக, காரம் குறைந்து, நன்றாகப் பற்றி எரியும். நடு இலை சேக்கோ. வாசனைக்கு அதைத்தான் நம்புவார்கள். உச்சி வெயிலை நேராக வாங்கும் மேல் இலை லிஹெரோ. தடித்து, எண்ணெய்ப் பசையோடு, மெதுவாக எரியும். சுருட்டின் காட்டம் முழுக்க அதில்தான். சில செடிகளில் மட்டும் நுனியில் ஓரிரண்டு சின்ன இலைகள் கிடைக்கும். மெதியோ தியெம்போ எனப்படும் அந்த இலை லிஹெரோவையும் மிஞ்சும். 2010இல் வெளிவந்த கொஹீபா பெஹீக்கே சுருட்டுகளின் விலைக்கு இந்த அரிய இலைதான் அடிப்படை.

காரத்தைத் தருவது நிக்கோட்டின். அது வேரில் உருவாகி இலைக்கு ஏறுகிறது. பூ மொட்டு தலைகாட்டியதும் உழவர் நுனியைக் கிள்ளிவிடுவார். பிறகு பக்கவாட்டில் துளிர்க்கும் சிம்புகளையும் ஒடித்துக்கொண்டே இருப்பார். விதைக்குப் போகவிருந்த சத்து இலைக்குத் திரும்புகிறது. வேரும் நிக்கோட்டினைக் கூட்டுகிறது. ஒரு பருவத்தில் பலமுறை குனிந்து நிமிர்ந்து செய்யும் இந்த வேலைதான் காரத்தின் முதல் கணக்கு. ஈர இலையைத் தொட்டுப் பறிப்பவர்களின் தோல் வழியே அதே நிக்கோட்டின் உடம்பில் ஏறித் தலைசுற்றலும் வாந்தியும் வருவது புகையிலை விளையும் நாடுகளிலெல்லாம் உள்ள தொழில் நோய்.

சுருட்டின் நிறத்தைப் பார்த்துக் காரத்தை முடிவு செய்யும் பழக்கம் உலகெங்கும் உண்டு. கறுத்த சுருட்டு கடுமையானது, வெளுத்தது மென்மையானது என்பார்கள். கண்ணுக்குத் தெரியும் அந்த நிறம் வெளியே சுற்றிய ஒற்றைப் போர்வை இலையுடையது. எடையில் பெரும்பங்கு உள்ளே மடித்து வைத்த உள்ளிலைக்கும், அதைச் சேர்த்துப் பிடிக்கும் கட்டு இலைக்கும் உரியது. போர்வை இலையைக் கூடுதல் சூட்டில், கூடுதல் நாள் பாடம் போட்டாலே நிறம் கறுத்துவிடும். அதில் காரம் ஏறுவதில்லை. மென்மைக்குப் பெயர்பெற்ற ஹோயோ தெ மொந்தெரேயும் காட்டத்துக்குப் பெயர்பெற்ற பொலீவரும் இதே வுவெல்தா அபாஹோ இலையில் செய்யப்படுகின்றன. லிஹெரோ எத்தனை பங்கு, வொலாடோ எத்தனை பங்கு என்ற கலவையில்தான் இரண்டும் பிரிகின்றன. சுருட்டுபவர் லிஹெரோவை நட்டநடுவில் வைப்பார். மெதுவாக எரியும் இலை ஓரத்துக்கு வந்துவிட்டால் சுருட்டு ஒருபக்கமாகக் கருகிவிடும்.

பறித்த இலை நேராகப் போய்ச் சேரும் இடம் காசா தெ தபாக்கோ. பனையோலையோ தகரமோ வேய்ந்த உயரமான கொட்டகை அது. காலை வெயில் ஒரு முனையையும் மாலை வெயில் மறுமுனையையும் மட்டும் தொடும்படி கிழக்கு மேற்காகக் கட்டுவார்கள். இரண்டிரண்டாகத் தைத்துக் கோலில் தொங்கவிட்ட இலை சுமார் 50 நாள் அங்கே காயும். பச்சை மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகும். அந்த நாட்களில் இலை இன்னும் உயிரோடு மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது. தன்னிடமுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, அந்தச் சர்க்கரையையும் தானே தின்று தீர்க்கிறது. ஈரம் கூடினால் இலை அழுகும். காற்று வறண்டால் பச்சை நிறம் அப்படியே தங்கிவிடும். கதவைத் திறப்பதும் சாத்துவதுமே கொட்டகைக்காரரின் இரவு பகல் வேலை.

சுருட்டுக்கும் சிகரெட்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. சிகரெட்டுக்கான இலையைச் சூளையில் சில நாளிலேயே உலர்த்திவிடுவதால் சர்க்கரை தங்கிவிடுகிறது. புகையில் அமிலத்தன்மை இருக்கும். நுரையீரல்வரை இழுத்தால்தான் நிக்கோட்டின் சேரும். சர்க்கரை தீர்ந்த சுருட்டிலையின் புகை காரத்தன்மை கொண்டது. வாயின் உட்தோல் வழியாகவே நிக்கோட்டின் இரத்தத்தில் கலந்துவிடும். புகையை விழுங்காதவருக்கும் தலை கிறுகிறுப்பது இதனால்தான். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டின் அளவு புகையிலை இருக்கக்கூடும். வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றில் அது புற்றுநோயை உண்டாக்குவதை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998இல் ஒரு முழுத் தொகுதியாகவே வெளியிட்டது.

காய்ந்த இலையை இரண்டாம் கட்டமாக ஆளுயர அம்பாரமாக அடுக்குவார்கள். ஈர வைக்கோலைப் போராகப் போட்டால் உள்ளே கொதிப்பதுபோல் இதுவும் தானாகவே சூடேறும். 40 டிகிரி செல்சியஸை நெருங்கியதும் பிரித்து, உதறி, உள்ளிருந்ததை வெளியிலும் வெளியிருந்ததை உள்ளேயும் வைத்து மறுபடி அடுக்குவார்கள். நுண்ணுயிர்களும் இலையின் நொதிகளும் சேர்ந்து புரதங்களை உடைக்க, அம்மோனியா கண்ணைக் கரிக்கும் நெடியோடு வெளியேறுகிறது. நிக்கோட்டினும் ஓரளவு குறைகிறது. நாவைச் சுடும் கசப்பு போய், கொக்கோ, தோல், மரம், மண் என்று சுவைப்பவர்கள் சொல்லும் மணங்கள் தலைதூக்குவது இந்த அம்பாரத்தில்தான். வொலாடோவுக்குக் குறைந்த நாள் போதும். லிஹெரோவுக்கு நீண்ட காலம் வேண்டும். 1966இல் பிறந்த கொஹீபாவுக்கு சேக்கோ, லிஹெரோ இலைகளை மரப்பீப்பாயில் மூன்றாவது முறையும் புளிக்க வைக்கிறார்கள்.

இந்த நுணுக்கமெல்லாம் ஒரு நாளில் கைகூடியதல்ல. 1492 நவம்பரில் கொலம்பஸின் ஆட்களான ரொத்ரீகோ தெ ஹெரெஸும் லூயிஸ் தெ தோரெஸும் கியூபாவின் தைனோ மக்கள் இலையைச் சுருட்டிப் புகைப்பதைக் கண்டார்கள். இரண்டு நூற்றாண்டில் அந்த இலை ஸ்பெயின் கருவூலத்தின் பெருவரவாகிவிட்டது. 1717இல் அரசு கியூபாவின் புகையிலை முழுவதையும் தானே, தான் வைத்த விலைக்கு வாங்கும் ஏகபோகத்தைக் கொண்டுவந்தது. புகையிலை உழவர்கள் 1717, 1720, 1723 என மூன்று முறை கிளர்ந்தார்கள். மூன்றாம் முறை பிடிபட்டவர்களைக் கொன்று, உடல்களை ஹவானாவுக்கு அருகே சாலையோரம் தொங்கவிட்டது அரசு. விலையை வாங்குபவரே எழுதும் காலத்தில், இலையைத் தரம் பிரித்து உழைப்பவருக்கு என்ன மிஞ்சும்? 1817இல் ஏகபோகம் ஒழிந்தது. அடுத்த முப்பது ஆண்டில் ஹவானாவில் எச். உப்மன், பார்த்தகாஸ் போன்ற பெயர்கள் எழுந்தன. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கலவை. அந்தக் கலவை ஆண்டுக்கு ஆண்டு மாறாமலிருக்க இலையை நிலம், பருவம், செடியில் நின்ற இடம் என்று பார்த்துப் பிரிக்கும் தொழில் செழித்தது. நடுநரம்பை உரித்தெடுக்கும் கூடத்தில் பெரும்பாலும் பெண்கள்.

1865இல் எல் ஃபிகாரோ தொழிற்சாலையில் ஒரு புதுமை தொடங்கியது. தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டு ஒருவரை அமர்த்தினார்கள். அவர்கள் சுருட்டச் சுருட்ட அவர் செய்தித்தாளும் நாவலும் உரக்கப் படித்தார். அடுத்த ஆண்டே காலனி அரசு அதைத் தடை செய்தது. ஆனாலும் வழக்கம் திரும்பி வந்து நிலைத்தது. வாசிப்பவரை இன்றும் ஹவானாவில் காணலாம். 1935இல் தொடங்கிய மொந்தெகிறிஸ்தோ சுருட்டுக்குப் பெயர் தந்தது, அந்தக் கூடங்களில் விரும்பிக் கேட்கப்பட்ட அலெக்சாந்தர் தூமாவின் நாவல்.

போர்வை இலையின் வரலாற்றில் சுமத்திரா குறுக்கிடுகிறது. தமிழரும் அதில் இருக்கிறார்கள். 1863இல் யாகோபஸ் நீன்ஹெய்ஸ் என்ற டச்சுக்காரர் சுமத்திராவின் தெலி பகுதியில் புகையிலை பயிரிடத் தொடங்கினார். காட்டை அழித்து, ஒரே ஒரு போகம் எடுத்து, பிறகு பல ஆண்டு தரிசாக விடுவார்கள். அங்கே விளைந்த இலை பட்டுப்போல் மெலிது, நரம்பு தெரியாது. அமெரிக்கச் சுருட்டு ஆலைகள் அதை ஆவலோடு வாங்கின. வயலில் சீனக் கூலிகளும் பின்னர் ஜாவாக் கூலிகளும் உழைக்க, சாலை போடவும் வாய்க்கால் வெட்டவும் வண்டி ஓட்டவும் தமிழ்த் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். 1880இன் கூலிச் சட்டப்படி தோட்டத்தை விட்டு ஓடுவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். மேதான் நகரில் 1884இல் எழுந்த மாரியம்மன் கோயில் அந்தத் தலைமுறையின் அடையாளமாக இன்றும் நிற்கிறது.

தெலி இலையைத் தடுக்க அமெரிக்கா 1890இல் போர்வை இலைமீது பவுண்டுக்கு 2 டாலர் வரி விதித்தது. வரியோடு வேறொரு வழியும் தேடினார்கள். 1900இல் கனெக்டிகட் பள்ளத்தாக்கில் சுமத்திரா விதையை விதைத்து, வயலுக்கு மேல் மெல்லிய துணிப் பந்தல் போட்டார்கள். வெயில் வடிகட்டப்பட்டதும் இலை அகன்றது, மெலிந்தது, நரம்பு ஒடுங்கியது. நிழலுக்கு இவ்வளவு வலிமை உண்டென்று உலகம் கண்டுகொண்டது. கியூபாவும் அதே பந்தலைத் தன் போர்வை இலை வயல்களுக்கு எடுத்துக்கொண்டது. வுவெல்தா அபாஹோவின் எல் கொரோஹோ தோட்டத்தில் தியேகோ ரொத்ரீகெஸ் தேர்ந்தெடுத்து வளர்த்த கொரோஹோ ரகம் அந்தப் பந்தலின் கீழேதான் அரை நூற்றாண்டு ஆண்டது.

பிறகு வந்தது புரட்சி. 1960 செப்டம்பரில் ஃபிதெல் காஸ்த்ரோ அரசு சுருட்டு ஆலைகளை நாட்டுடைமையாக்கியது. 1962 பிப்ரவரியில் அமெரிக்கா முழு வணிகத் தடை விதித்தது. அதில் கையெழுத்திடும் முன் அதிபர் கென்னடி தனக்குப் பிடித்த உப்மன் சுருட்டுகளை வாங்கி வரச் சொன்னதாகவும், ஒரே இரவில் 1,200 சேர்த்ததாகவும் அவருடைய பத்திரிகைச் செயலர் பியேர் சாலிஞ்சர் பின்னாளில் சொன்னார்.

ஆலையையும் நிலத்தையும் இழந்த குடும்பங்கள் கியூபாவை விட்டு வெளியேறின. கியூப விதையும் அவர்களைத் தொடர்ந்தது. டொமினிக்கன் குடியரசு, ஹோண்டுராஸின் ஹமாஸ்த்ரான் பள்ளத்தாக்கு, நிக்கராகுவாவின் எஸ்தெலி, ஹலாபா என்று அது பரவியது. நாற்று விடும் விதம் தெரிந்தவர், கொட்டகைக் கதவை எப்போது திறக்க வேண்டும் என்று அறிந்தவர், அம்பாரத்தின் சூட்டைக் கைவிட்டுப் பார்த்தே சொல்பவர் எல்லோரும் அந்தப் புலம்பெயர்ந்தோரில் இருந்தார்கள். விதையும் கைப்பழக்கமும் முழுமையாகக் கடல் கடந்தன. இலை மட்டும் வேறாக விளைந்தது. எரிமலைச் சாம்பல் கலந்த எஸ்தெலியின் கரிய மண்ணில் அதே கியூப ரகம் தடித்து, மிளகுக் காரத்தோடு வந்தது. ஹலாபாவின் செம்மண்ணில் அதுவே இனிப்பாக, மென்மையாக வந்தது. டொமினிக்கன் இலை இன்னும் இளகிய குணம் காட்டியது. ஒரே விதையின் பிள்ளைகள் மண்ணுக்கு மண் மாறியதை அந்த உழவர்கள் தங்கள் வாழ்நாளிலேயே பார்த்தார்கள்.

பினார் தெல் ரியோவின் புகையிலைக் குடும்பத்தில் பிறந்த ஹொசே ஒர்லாந்தோ பத்ரோன் மயாமிக்கு வந்து தச்சு வேலை செய்து சேர்த்த பணத்தில் 1964இல் சுருட்டு ஆலை தொடங்கினார். 1970இல் எஸ்தெலிக்கு நகர்ந்தார். அங்கும் புரட்சி, போர், 1985 முதல் 1990 வரை அமெரிக்கத் தடை. அத்தனையையும் தாண்டி, கியூபச் சுவையைப் போலிசெய்யாமல் நிக்கராகுவா மண்ணின் சுவைக்கே ஒரு பெயர் தேடித் தந்தவர்களில் அவர் முன்வரிசையில் இருக்கிறார். அமெரிக்கா இறக்குமதி செய்யும் உயர்தரக் கைச்சுருட்டுகளில் இன்று முதலிடம் நிக்கராகுவாவுடையது.

கியூபாவில் தங்கிய மண்ணுக்கும் சோதனைகள் வந்தன. 1980 வாக்கில் நீலப் பூஞ்சை நோய் பயிரின் பெரும்பகுதியை அழித்தது. நோயைத் தாங்காத கொரோஹோவை 1990களில் கைவிட்டுக் கலப்பு ரகங்களுக்கு மாறினார்கள். விதை மாறியும் இலை வுவெல்தா அபாஹோ இலையாகவே இருந்தது. 1845 முதல் புகையிலை பயிரிட்டு வந்த குடும்பத்தின் அலெஹாந்த்ரோ ரொபாய்னா, 2010இல் தொண்ணூற்றொரு வயதில் இறக்கும்வரை, கியூபாவின் மிகச் சிறந்த போர்வை இலைகளைத் தன் சான் லூயிஸ் நிலத்தில் எடுத்தார். 1997இல் அவர் பெயரிலேயே வேகாஸ் ரொபாய்னா என்ற சுருட்டு வெளிவந்தது.

2022 செப்டம்பர் 27 அன்று இயன் புயல் பினார் தெல் ரியோவைக் கடந்தது. நடவுக்கு முந்தைய காலமாதலால் வயலில் பயிர் இல்லை. சாய்ந்தவை கொட்டகைகள், ஆயிரக்கணக்கில். மண் இருந்தது, விதை இருந்தது, நட ஆளும் இருந்தார்கள். இலையைத் தொங்கவிட இடம் இல்லை. எழுப்ப முடிந்த கொட்டகைகள் எத்தனை இலையைத் தாங்கும் என்று கணக்குப் பார்த்தே அந்தப் பருவத்தில் நட்டார்கள். மரமும் ஆணியும் கிடைக்கக் கிடைக்க, நடவின் பரப்பும் ஆண்டுக்கு ஆண்டு கூடியது.