சக்கரங்களின் மேல் ஓர் இல்லம்



வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களுமே நம் நினைவிற்கு வருகின்றனர். ஆயினும், எளிய மக்கள் தம் கைத்திறனால் தம் வாழ்வைச் செப்பம் செய்துகொண்ட செய்திகளும் வரலாறே ஆகும். சரக்கு ஏற்றும் வேன் ஒரு குடும்பம் தங்கும் இல்லமாக மாறிய கதை அத்தகையது.

1885ஆம் ஆண்டில் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஓய்வு பெற்ற கடற்படை மருத்துவர், ‘வாண்டரர்’ என்ற பெரிய வண்டியைச் செய்வித்தார். இரு குதிரைகள் இழுத்த அவ்வண்டியில் இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் நகர் வரை பயணம் செய்தார். ஆனால், அது பொருள் படைத்தவர்க்கே இயன்ற இன்பம்.

தேவை வேறொரு வழியைக் காட்டிற்று. தென் ஜெர்மனியில் ஈஸ்னி என்ற ஊரில், சாட்டைகளும் பனிச்சறுக்குக் கோல்களும் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர் ஆரிஸ்ட் டெத்லெஃப்ஸ். வாணிகத்தின் பொருட்டு அவர் நெடுநாள் ஊர்தோறும் செல்ல வேண்டியிருந்தது. மனைவியோ ஓவியர், கணவரைப் பிரியாமலும், தம் கலையைக் கைவிடாமலும் இருக்க விரும்பினார். ஆகவே 1931இல், காரின் பின்னே இழுத்துச் செல்லத்தக்க ஒரு சிறு வீட்டைத் தம் கொட்டகையிலேயே டெத்லெஃப்ஸ் கட்டினார். பிரிவுத் துயரே அவ்வண்டிக்கு அடித்தளம் எனலாம்.

இரண்டாம் உலகப்போருக்குப்பின், 1950இல் ஃபோக்ஸ்வாகன் வேன் வெளிவந்தது. அதன் இயந்திரம் பின்புறத்திலும், ஓட்டுநர் இருக்கை முன்புறத்திலும் அமைந்தமையால், நடுவில் விசாலமான இடம் கிடைத்தது. 1951இல் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அவ்விடத்திற்கேற்ற மரச் சாமான் தொகுதி ஒன்றைச் செய்தது. அதனை வேண்டும்போது பொருத்தலாம், வேண்டாதபோது கழற்றலாம். ஒரு சிறு வணிகர் வாரநாட்களில் சரக்கு ஏற்றவும், விடுமுறையில் மனைவி மக்களுடன் உலாவவும் ஒரே வண்டி போதுமாயிற்று. இரு வண்டிகள் வாங்க வசதியற்ற இல்லத்திற்கு இஃது எத்துணைப் பெரிய உதவி!

இங்கிலாந்தில் காருக்கு விற்பனை வரி மிகுதியாக இருந்தது. சரக்கு வேனுக்கு அவ்வரி இல்லை. படுக்கையும் அடுப்பும் பொருத்தப்பட்ட குடியிருப்பு வண்டிக்கும் அவ்விலக்குக் கிடைத்தது. எனவே, வரிச் சட்டமும் இக்கைத்தொழிலுக்குத் துணையாயிற்று.

பார்ப்பதற்கு எளிதான இவ்வேலையில் விஞ்ஞானமும் உண்டு. கனமான பொருள்களைத் தாழ்வாகவும் இருபுறமும் சமமாகவும் வைத்தல் வேண்டும். இன்றேல் வளைவில் வண்டி சாயக்கூடும். மூடிய வேனுக்குள் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குவோர் உறக்கத்திலேயே உயிர் துறக்க நேரிடும். ஆகவே, காற்றுப் போக்கி அமைப்பதே முதற்கடமை. அழகு அதன் பின்னரே.

மாணவர்களே! இவ்வண்டிகளைப் படைத்தவர்கள் பெரும் விஞ்ஞானிகள் அல்லர். கையிலுள்ள பொருளை உற்று நோக்கி, “இஃது இன்னும் எதற்குப் பயன்படும்?” என்று வினவியவர்கள். வாளும் செங்கோலும் ஏந்தாத அத்தகையோரின் வினாக்களும் உலகை மாற்றியுள்ளன என்பதை நினைவிற் கொள்வீர்களாக.