பாடுவதும் பாட வைப்பதும்



நவம்பர் 22ஆம் நாள் திருச்சபை புனித செசிலியாவை நினைவுகூர்கிறது. பாடகர்களுக்கும் இசைக்கலைஞர்களுக்கும் பாதுகாவலி அவர். அவருடைய பழைய வரலாறு சொல்வது என்ன? திருமண நாளில் இசைக்கருவிகள் முழங்கிக்கொண்டிருந்தபோது, செசிலியா தம் உள்ளத்தில் ஆண்டவருக்கு மட்டும் பாடினாராம். வெளியே முழக்கம், உள்ளே செபம். பாடகர் குழுவின் அழைத்தலைப் பற்றிச் சிந்திக்க இதைவிட நல்ல நாள் இல்லை.

நம் வடசென்னை பாட்டு விளைந்த மண். துறைமுகம் கட்டப்படும் முன் கப்பல்கள் கரைக்கு வர இயலாமல் கடலில் நங்கூரமிட்டு நின்றன. ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகள்தாம் அலையைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தன. அந்தப் படகோட்டிகள் வாழ்ந்த ஊருக்குத் தூய பேதுருவின் தமிழ்ப் பெயரே நிலைத்தது: இராயப்பர், இராயபுரம். சற்று வடக்கே திருவொற்றியூரில், தியாகராஜ சுவாமிகள் தம் சீடர் வீணை குப்பையருக்காக வந்து தங்கி, திரிபுரசுந்தரி மீது ஐந்து கீர்த்தனைகள் இயற்றினார். நம் தெருக்களில் சாவு வீட்டில் பாடும் கானாவும் உண்டு. ஒருவர் எடுத்துக் கொடுக்க, சுற்றி இருப்பவர்கள் சேர்ந்துகொள்வார்கள்.

மீனவர்களின் அம்பாப் பாட்டு உங்களில் பலருக்குத் தெரியும். வலை இழுக்கும்போதும் துடுப்புப் போடும்போதும் ஒருவர் முதலடியைச் சொல்வார். மற்றவர்கள் பின்னடியை வாங்கிப் பாடுவார்கள். பாட்டு நின்றால் இழுவையும் தளரும். முதலடி சொல்பவர் எவ்வளவு நன்றாகப் பாடினார் என்று கரையில் யாரும் கேட்பதில்லை. வலை கரை ஏறியதா என்றுதான் கேட்பார்கள். கோவிலில் பாடகர் குழுவின் வேலையும் இதுவே என்பதைத் திருச்சபையின் வரலாறு காட்டுகிறது.

விவிலியத்திலிருந்து தொடங்குவோம். குறிப்பேடு முதல் நூலின் 25ஆம் அதிகாரத்தில், தாவீது ஆசாபு, ஏமான், எதுத்தூன் ஆகியோரின் வழிமரபினரைப் பாடல் பணிக்கென்று பிரித்து வைக்கிறார். பயிற்சி பெற்றவர்கள் 288 பேர். சிறியவர் பெரியவர், ஆசிரியர் மாணவர் என்ற வேறுபாடின்றிச் சீட்டுப் போட்டு முறை வகுத்தார்கள். யாருக்கும் நிரந்தர முதலிடம் இல்லை. எல்லாருக்கும் முறை உண்டு. நம் ஆண்டவரும் இறுதி இராவுணவுக்குப் பின் சீடரோடு புகழ்ப்பா பாடிவிட்டே ஒலிவ மலைக்குச் சென்றார் என்று மத்தேயு எழுதுகிறார்.

கி.பி. 386. மிலான் நகரில் பேரரசி யுஸ்தினா, ஆரியக் கொள்கையினருக்காக ஒரு பேராலயத்தைக் கேட்கிறார். ஆயர் அம்புரோசியார் கொடுக்க மறுக்கிறார். ஆயரோடு சாகவும் துணிந்து மக்கள் ஆலயத்திற்குள்ளேயே விழித்திருக்கிறார்கள். கவலையால் அவர்கள் சோர்ந்துவிடாதபடி, கீழைத் திருச்சபைகளின் வழக்கப்படி பாக்களும் திருப்பாடல்களும் பாட ஏற்பாடு செய்யப்பட்டது என்று புனித அகுஸ்தீன் தம் ‘ஒப்புரவுகள்’ நூலில் பதிவு செய்கிறார். அச்சத்தில் இருந்த மக்களைத் தாங்கிய பாட்டு அது. அதே அகுஸ்தீன் இன்னொன்றும் சொல்கிறார்: பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரலே தம்மை அதிகம் கவரும்போது அது தமக்குக் குற்றமாகவே படுகிறது என்கிறார். இந்த இரண்டும் பாடகர் குழு மறக்கக்கூடாத பாடங்கள்.

ஆனால், காலப்போக்கில் மக்களின் குரல் அடங்கியது. 4ஆம் நூற்றாண்டிலேயே லவோதிக்கேயாவில் கூடிய சங்கம், ஆலயத்தில் பாடும் பொறுப்பை நியமிக்கப்பட்ட பாடகர்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. பின்னர் மேற்கில் இலத்தீன் மக்களின் பேச்சுமொழியாக இல்லாமல் போனது. பாடகர் குழு அழகாகப் பாடியது, மக்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நம் ஊரிலும் பாட்டுப் பூசை என்றால் குருவும் பாடகரும் இலத்தீனில் பாட, மக்கள் செபமாலை உருட்டிய காலத்தை நம் பெரியவர்கள் அறிவார்கள்.

ஆனாலும் தமிழ்க் கத்தோலிக்கர் ஊமையாக இருந்துவிடவில்லை. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், மணி அடித்துச் சிறுவர்களைக் கூட்டி, தாம் முதலில் சொல்ல அவர்கள் திருப்பிச் சொல்லும்படி தமிழில் செபங்களைக் கற்பித்தார். பிறகு மொலுக்காத் தீவுகளுக்குச் சென்றவர், அங்கே வயலில் உழைப்பவர்களும் கடலில் மீன் பிடிப்பவர்களும்கூட விசுவாச அறிக்கையைப் பாட்டாகப் பாடுவதைப் பற்றி 1548ஆம் ஆண்டுக் கடிதத்தில் மகிழ்ந்து எழுதினார். நம் ஊர்களிலோ பாஸ்காவும் வாசாப்பும் அம்மானையும் உபதேசியார் எடுத்துக் கொடுத்த வியாகுலப் பாடல்களும் மக்கள் பாட்டை உயிரோடு வைத்திருந்தன. மாயூரம் வேதநாயகம் பிள்ளை போன்ற கத்தோலிக்கப் பொதுநிலையினர் தமிழில் கீர்த்தனைகள் இயற்றினார்கள்.

1903ஆம் ஆண்டு, இதே செசிலியா திருநாளில், திருத்தந்தை பத்தாம் பயஸ் திரு இசை பற்றி ஓர் ஆணை வெளியிட்டார். நாடக மேடை இசை ஆலயத்தில் வேண்டாம் என்றார். மக்கள் மறுபடியும் பாட வேண்டும் என்றார். 60 ஆண்டுகளுக்குப் பின், 1963 டிசம்பர் 4 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய தன் ஏட்டை வெளியிட்டது. முழுமையான, உணர்வுபூர்வமான, செயல்முறைப் பங்கேற்பு இறைமக்களின் உரிமையும் கடமையும் என்று அது அறிவித்தது. அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பைத் தரச் சொன்னது. பாடகர் குழுவினர் செய்வது உண்மையான திருவழிபாட்டுப் பணி என்றும் 29ஆம் எண்ணில் கூறியது. 1967 மார்ச் 5 அன்று வந்த திரு இசை பற்றிய அறிவுரை இன்னும் தெளிவானது: மக்களை முற்றிலும் ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் பாடகர் குழுவே பாடும் வழக்கம் ஏற்கத்தக்கதல்ல. பாடகர் குழு மக்கள் கூட்டத்தின் ஒரு பகுதி என்பது தெரியும்படி அதன் இடமும் அமைய வேண்டும்.

அன்பார்ந்தவர்களே, இன்று நம் பங்குகளில் கீபோர்டு, கிட்டார், டிரம் பேட், மிக்சர் எல்லாம் இருக்கின்றன. கருவிகளில் குற்றமில்லை. துறைமுகத்திலும் ஆலைகளிலும் இரவு ஷிப்ட் முடித்து, கண் எரிச்சலோடு காலைத் திருப்பலிக்குப் பாட வரும் இளைஞர்களை நினைத்தால் இறைவனுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது. அது உண்மையான காணிக்கை. ஆனால், ஒலிபெருக்கியின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரின் குரல்கூடக் கேட்கவில்லையென்றால், வாரம் ஒரு புதிய மெட்டு வந்து பாட்டிமார்கள் வாய் மூடி நிற்கிறார்களென்றால், நாம் இலத்தீன் காலத்து மௌனத்திற்கே திரும்பிவிட்டோம். மொழி மட்டும் தமிழாக இருக்கிறது.

அந்தப் பாட்டி வாரம் முழுவதும் மீன் கூடை சுமந்தவர். ஞாயிற்றுக்கிழமை கடவுளிடம் வாய் திறந்து பாடுவது அவருடைய உரிமை. அதைப் பறிக்க எந்தக் கலைக்கும் அதிகாரம் இல்லை.

ஆகவே, பாடகர் குழுவில் இருக்கும் தம்பி தங்கைகளே, மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, ‘தூயவர்’, பதிலுரைப் பல்லவி, ‘ஆமென்’ ஆகியவற்றை எல்லாருக்கும் தெரிந்த மெட்டில் பாடுங்கள். இரண்டாவது, புதிய பாடலைத் திருப்பலிக்குமுன் பத்து நிமிடம் மக்களுக்குக் கற்றுக்கொடுங்கள். ஒரு மாதமாவது அதையே பாடுங்கள். மூன்றாவது, பல்லவி மக்களிடம் சேர்ந்ததும் உங்கள் மைக்கின் ஒலியைக் குறையுங்கள். அவர்கள் பாடுவது உங்கள் காதில் விழ வேண்டும்.

மற்றவர்களே, உங்களுக்கும் ஒன்று. குரல் நன்றாக இல்லை என்று சொல்லிச் சும்மா நிற்காதீர்கள். வலை இழுக்கும்போது யாரும் குரலைப் பார்த்து ஆள் சேர்ப்பதில்லை.

முழக்கத்தின் நடுவே உள்ளத்தில் பாடிய செசிலியா நமக்காகப் பரிந்து பேசுவாராக. எடுத்துக் கொடுப்பவரும் வாங்கிப் பாடுபவரும் ஒரே குரலாய் இறைவனைப் புகழ அவர் அருள் புரிவாராக. ஆமென்.