தாம்பரம் வட்டாரத்தில் மணமுறிவும் பிள்ளைகளும்

தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் எல்லாம் நெடுங்காலம் செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்கள். ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த இந்தக் கிராமங்களில் கணவன் மனைவி பிரிவதற்கு யாரும் நீதிமன்றப் படி ஏறவில்லை. உழைத்துப் பிழைத்த பல சாதிகளில் ‘அத்துவிடுதல்’ வழக்கத்தில் இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் கூடி இரு தரப்பையும் விசாரிப்பார்கள். பரிசப் பணம், சீர், பாத்திரம் எது யாருக்குச் சேர வேண்டும் என்று கணக்குத் தீர்ப்பார்கள். தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டால் இருவரும் வேறு மணம் செய்துகொள்ளலாம். பிள்ளைகளைப் பற்றி அங்கே அதிகம் பேச்சு எழாது. வம்சம் தகப்பன் வழி என்பதால் பிள்ளை பெரும்பாலும் தகப்பன் வீட்டுக்குப் போகும். கைக்குழந்தையானால் பால்குடி மறக்கும்வரை தாயிடம் இருக்கும். கூட்டுக் குடும்பத்தில் சோறு போட ஆள் இருந்தது. பெற்ற தாயைப் பிள்ளை பார்க்க வேண்டும் என்பதை ஒரு உரிமையாக யாரும் நினைக்கவில்லை.

பிராமணர் முதலான மேல்சாதிக் குடும்பங்களில் இந்த வழியும் அடைபட்டிருந்தது. கணவன் விலக்கிவைத்த பெண் ‘வாழாவெட்டி’ என்ற பெயரோடு பிறந்த வீட்டு அடுப்படியில் காலம் தள்ளினாள். அவள் பிள்ளை மாமன் தயவில் படித்தது. பறங்கிமலை, பல்லாவரம் பகுதிக் கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம் இருந்தது. அதன்படி மனைவியின் மணத்துக்குப் புறம்பான உறவை மட்டும் காட்டிக் கணவன் விலகலாம். மனைவியோ கணவனின் அந்தக் குற்றத்தோடு கொடுமை, கைவிடல் போன்ற ஒன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். மாவட்ட நீதிபதி விவாகரத்து அளித்தாலும் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தாக வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வு 2001 வரை நீடித்தது.

இதே மாவட்டத்தில்தான் மாற்றுக் குரலும் எழுந்தது. 1929 பிப்ரவரியில், டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில், முதல் மாகாண சுயமரியாதை மாநாடு செங்கல்பட்டில் கூடியது. பெண்ணுக்குச் சம சொத்துரிமை, விதவை மறுமணம் ஆகியவற்றோடு, ஒத்துவராத மணத்தை முறித்துக்கொள்ளும் உரிமை கணவன் மனைவி இருவருக்கும் வேண்டும் என்றும் அங்கே தீர்மானம் நிறைவேறியது. சென்னை மாகாண இந்துக்களுக்கு விவாகரத்துச் சட்டம் வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே துணிந்து கேட்டார்கள் என்பதை மறக்கக் கூடாது.

1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம் மாறியது. ரயில்வே ஊழியர்களும் நகரத்து அலுவலகக் குமாஸ்தாக்களும் இங்கே மனை வாங்கிக் குடியேறினார்கள். தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்த இந்தக் குடும்பங்களுக்கு ஊர்ப் பஞ்சாயத்து எட்டாத தொலைவில் இருந்தது. வீட்டில் சண்டை வந்தால் விலக்கிவிடச் சித்தப்பனோ பெரியம்மாவோ பக்கத்தில் இல்லை. பிரிவின் பாரம் முழுவதும் இரண்டு அறை வீட்டுக்குள் இருந்த பிள்ளைகள் மேல் இறங்கத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான்.

சென்னை மாகாணம் 1949இல் இருதார மணத்தைத் தடுத்து, இந்துக்களுக்கு மணமுறிவு உரிமையும் தந்தது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் அதை நாடு முழுமைக்கும் ஆக்கியது. பழைய வழக்கப்படியான அத்துவிடுதலையும் செல்லும் என்று ஏற்றது. ஆனால் கொடுமையும் கைவிடலும் அப்போது மணம் முறியாமல் தனித்து வாழும் நீதிமன்றப் பிரிவினைக்கு மட்டுமே காரணங்களாக இருந்தன. 1976 திருத்தம்தான் அவற்றை விவாகரத்துக்கும் காரணமாக்கி, பரஸ்பர சம்மத விவாகரத்தையும் கொண்டுவந்தது.

பிள்ளைகள் விஷயத்தில் அடிப்படைச் சட்டம் 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் பாதுகாவலர் சட்டம். இயற்கைப் பாதுகாவலர் தகப்பன், அவருக்குப் பின் தாய் என்று அது வகுத்தது. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றது. வளர்க்கும் வேலை தாய்க்கு, கையெழுத்துப் போடும் அதிகாரம் தகப்பனுக்கு என்பதே இதன் நடைமுறை விளைவு. அநீதியான ஏற்பாடு இது. தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய் வங்கிக் கணக்குக்கும் பாஸ்போர்ட்டுக்கும், வீட்டுக்கே வராத மனிதரின் ஒப்புதலுக்காக அலைந்தாள். மகன் பெயரில் கடன்பத்திரம் வாங்கத் தாய் கையெழுத்துச் செல்லாது என்ற சிக்கலை எழுத்தாளர் கீதா ஹரிஹரன் உச்ச நீதிமன்றம்வரை கொண்டுசென்றார். ‘அவருக்குப் பின்’ என்பதைத் தகப்பன் இறந்த பின் என்று மட்டும் கொள்ளக் கூடாது, அவர் பிள்ளையைக் கவனிக்காமல் விலகியிருக்கும்போதும் பொருந்தும் என்று 1999இல் தீர்ப்பு வந்தது. பெற்றோரில் ஒருவர் பெயர் போதும், விவாகரத்து ஆணை காட்ட வேண்டாம் என்று பாஸ்போர்ட் விதி தளர்ந்தது 2016 டிசம்பரில்.

பிள்ளையின் நலனே முதன்மை என்ற கருத்து வலுப்பெற்றதில் சென்னை வழக்கொன்றுக்கும் பங்குண்டு. கிறிஸ்தவத் தம்பதியின் பிரிவில் எழுந்த ரோசி ஜேக்கப் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் போனது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமைப் பொருள்களும் அல்ல, விளையாட்டுச் சாமான்களும் அல்ல என்று 1973இல் நீதிமன்றம் சொன்னது இந்த வழக்கில்தான்.

1988இல் சென்னையில் குடும்பநல நீதிமன்றம் தொடங்கியது. உயர் நீதிமன்ற வளாகத்தில் இயங்கிய அதன் எல்லை மாநகரத்தோடு நின்றது. அப்போது தாம்பரம் மாநகருக்கு வெளியே இருந்ததால் இங்குள்ளவர்கள் செங்கல்பட்டுப் பக்கம்தான் போக வேண்டியிருந்தது. பின்னாளில் அங்கும் குடும்பநல நீதிமன்றம் வந்தது. கணவன் மாநகரில் வழக்குப் போட்டால் கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி உயர் நீதிமன்றம் போக வேண்டும். எந்தத் திசையானாலும் ஏறத்தாழ 30 கி.மீ. மனைவி தான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்ற, இந்து திருமணச் சட்டத்தின் 2003 திருத்தம், பிறந்த வீட்டுக்குத் திரும்பிய பெண்களுக்கும் கூடவே வாய்தாவுக்கு இழுபட்ட குழந்தைகளுக்கும் பெரிய ஆறுதல்.

நீதிமன்றத்தை எட்டாத பிரிவுகள்தான் அதிகம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் விவாகரத்துப் பெற்றவர்கள் சுமார் 13.6 லட்சம், சட்டப்படி முறிக்காமல் பிரிந்து வாழ்பவர்கள் சுமார் 35 லட்சம். பல்லாவரம் தோல் பதனிடும் பகுதியிலும் புறநகர்க் கட்டட வேலைத் தலங்களிலும் கணவன் சொல்லாமல் போய்விடுவதே ‘விவாகரத்து’. அப்படிக் கைவிடப்பட்ட பெண்களுக்குத் தமிழக அரசு 1986இல் ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தது. ஜீவனாம்சத்துக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வைத்திருந்த மாதம் 500 ரூபாய் உச்சவரம்பு 2001இல்தான் நீங்கியது. அதுவரை, எத்தனை விலைவாசி ஏறினாலும் அந்த வழியில் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கக்கூடியது அதற்கு மேல் இல்லை.

1984இல் தாம்பரத்தில் ஏற்றுமதி மண்டலமும் பின்னர் பழைய மாமல்லபுரம் சாலையில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் வந்தபின் பெண்ணின் கையிலும் சம்பளம் வந்தது. சகித்துக்கொண்டு கிடக்க வேண்டிய கட்டாயம் குறைந்தது. கணவன் மனைவி பேரில் சேர்த்து வாங்கிய அடுக்குமாடி வீட்டின் வங்கிக் கடன் புதுச் சச்சரவாகவும் ஆனது. பிள்ளைக்கு முதலில் தெரிவது இடமாற்றம்: கல்வியாண்டின் நடுவில் பள்ளி மாறுவது, தாத்தா வீட்டுக் கூடத்தில் படுக்கை, பழகிய தெருச் சேக்காளிகள் இல்லாமை. டி.சி. வரத் தாமதமானாலும் தொடக்கக் கல்விச் சேர்க்கையைத் தாமதிக்கவோ மறுக்கவோ கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொன்னது இவர்களுக்கும் உதவியது. இனிஷியல் மட்டும் தகப்பனுடையதாகவே தொடர்ந்து, வருகைப் பதிவேட்டில் நாள்தோறும் வாசிக்கப்பட்டது.

மணமுறிவு பிள்ளைகளை நிரந்தரமாகச் சிதைக்கும் என்ற அச்சம் ஊரில் பரவலானது. அமெரிக்காவில் ஜூடித் வாலர்ஸ்டீன் 1971இல் தொடங்கி 131 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து, அவர்கள் வளர்ந்த பின்னும் துயரம் தங்குவதாகக் கண்டார். மேவிஸ் ஹெதரிங்டனின் நெடிய ஆய்வோ, சுமார் நாலில் ஒரு பிள்ளைக்குக் கடும் சிக்கல் இருந்ததையும் மற்றவர்கள் காலப்போக்கில் தேறியதையும் காட்டியது. பிரியாத வீடுகளில் இந்த அளவு பத்தில் ஒன்று. பெற்றோரின் ஓயாத சண்டை எங்கே நடந்தாலும் பிள்ளையைப் பாதிக்கிறது என்பதைப் பல ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன.

பிரிந்தபின் பிள்ளையைப் பார்க்கும் சந்திப்பு உரிமையில் இந்தச் சண்டை கண்கூடு. பிள்ளையை வைத்திருப்பவர் அழைத்து வர வேண்டும். மற்றவர் குறித்த நேரத்துக்குள் கொஞ்சிப் பேசித் திருப்பி அனுப்ப வேண்டும். வரும் தாயையோ தகப்பனையோ விருந்தாளியாக நடத்துங்கள், தேநீர் கொடுங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் ஒரு வழக்கில் அறிவுறுத்த வேண்டியிருந்தது. கூட்டுப் பராமரிப்பைச் சட்டத்தில் சேர்க்கவும் தாய் தகப்பன் இருவரையும் சம பாதுகாவலராக்கவும் சட்ட ஆணையம் 2015 மே மாதம் தன் 257ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகம் அதன் பிறகும் மாறவில்லை.