ரேவா மின்சார மகிழுந்து

ரேவா என்பது பெங்களூருவில் உருவான சிறிய மின்சார மகிழுந்து ஆகும். நகருக்குள் ஓட்டுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட இவ்வண்டி 2001-ஆம் ஆண்டு இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. ஆயினும் பிறந்த ஊரைவிட லண்டன் தெருக்களில்தான் அது பெயர் பெற்றது.

இதற்கு முன்பே, 1993-இல், கேரளத்தின் சாலக்குடியில் 'லவ்பேர்ட்' என்ற மின்சார வண்டி தயாரிக்கப்பட்டது. அது நீடிக்கவில்லை. ரேவாவை உருவாக்கிய சேத்தன் மைனி, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, 1990-இல் சூரிய ஒளி வண்டிப் பந்தயத்தில் வென்ற மாணவர் குழுவில் இருந்தவர். மைனி குழுமமும் கலிபோர்னியாவின் அமெரிகான் நிறுவனமும் 1994-இல் கூட்டாக ரேவா நிறுவனத்தைத் தொடங்கின.

வண்டியின் நீளம் 2.6 மீட்டரைச் சற்றே தாண்டும். முன்னால் இரு பெரியவர்கள் அமரலாம். பின்னிருக்கை குழந்தைகளுக்குத்தான் போதும். கியரும் இல்லை, கிளட்சும் இல்லை. வெளிப்புறத் தகடுகள் பிளாஸ்டிக்கால் ஆனவை. இருக்கைக்கு அடியில் 6 வோல்ட் மின்கலங்கள் எட்டு இருந்தன. வீட்டு இன்வெர்ட்டர்களில் உள்ள அதே ஈய-அமில வகைதான். வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பிளக்கில் எட்டு மணி நேரம் மின்னேற்றினால் சுமார் 80 கிலோமீட்டர் ஓடும். உச்ச வேகம் மணிக்கு 65 கிலோமீட்டர். அலுவலகம் போய்வர இது தாராளம்.

ஆனால் இந்தியக் குடும்பங்கள் அதை மாருதி 800 உடன் ஒப்பிட்டுப் பார்த்தன. மாருதியில் நான்கு பெரியவர்கள் போகலாம், வெளியூரும் போகலாம். விலையும் ரேவாவைவிடக் குறைவு. ரேவாவுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மின்கலங்களை மாற்றும் செலவு வேறு. தெருவோரம் வண்டி நிறுத்துபவர் பிளக்குக்கு எங்கே போவார்?

லண்டனில் கணக்கு வேறு. அங்கே 2003 பிப்ரவரியில் நகர மையத்துக்குள் நுழையும் வண்டிகளுக்கு நாளொன்றுக்கு 5 பவுண்டு நெரிசல் கட்டணம் விதிக்கப்பட்டது; 2005-இல் அது 8 பவுண்டு ஆனது. மின்சார வண்டிகளுக்கு அப்போது விலக்கு இருந்தது. 2004 முதல் 'ஜி-விஸ்' என்ற பெயரில் ரேவா அங்கே விற்பனையானது. நாள்தோறும் மிச்சமான அந்தக் கட்டணமே அதன் பெரிய விளம்பரம் எனலாம்.

இந்த வெற்றிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஐரோப்பியச் சட்டம் ரேவாவை மகிழுந்தாகக் கருதாமல், 'குவாட்ரிசைக்கிள்' எனும் இலகுவகை நான்கு சக்கர வண்டியாகக் கருதியது. ஆகவே மகிழுந்துகளுக்குரிய மோதல் சோதனைகள் அதற்குக் கட்டாயமில்லை. 2007-இல் 'டாப் கியர்' இதழ் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் நடத்தச் செய்த சோதனையில், உள்ளே இருப்பவர்களுக்குக் கடுமையான காயம் ஏற்படும் எனத் தெரிந்தது. விதி மீறப்படவில்லை, விதியே போதாததாக இருந்தது. 2009-இல் லித்தியம்-அயனி மின்கலம் கொண்ட வகையும் வந்தது.

2010-இல் மஹிந்திரா நிறுவனம் ரேவாவின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. 2013-இல் அதன் வாரிசாக 'ஈ2ஓ' வெளிவந்தது. அதில் நான்கு பேர் அமரலாம். டெல்லியில் அறிமுக விலை ஏறக்குறைய 6 லட்சம் ரூபாய்.