சேற்றில் கேட்ட கேள்விகள்
மானிடவியலாளர் காத்லீன் கஃப் 1951-ல் தஞ்சாவூர் வந்தார். தான் தங்கிய கிராமத்துக்குக் கும்பப்பேட்டை என்று பெயர் மாற்றி எழுதினார்; 1976-ல் திரும்பவும் வந்தார். 1981-ல் வெளியான அவர் புத்தகத்தில் நிலம், குத்தகை, சாதி எல்லாம் கணக்காக இருக்கிறது. எனக்கென்னவோ நடவுக்காரிகளின் குரல் போதவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர் கரின் கபாடியா. லால்குடிப் பக்கத்துப் பள்ளர் பெண்களைப் பற்றிய அவர் நூல் 1995-ல் வெளியானது.

நானும் நடவுக்காரிகளின் பேச்சைக் கேட்க நோட்டோடு அலைந்தவள்தான். திண்ணையில் கேட்டால் புருஷன் பதில் சொல்வார், இல்லாவிட்டால் மாமியார். நடவு வரிசையில்தான் பேச்சு வரும். "எழுதிக்கிட்டே நிக்கிறியே, ஒரு நாத்து முடி பிரிச்சு நடேன்டி" என்பாள் ஓர் அக்கா. சேற்றுக்கையோடு எங்கே எழுதுவது? ராத்திரி ஞாபகத்திலிருந்துதான். கூலி எவ்வளவு என்று கேட்டதைவிட, அதை யார் கையில் கொடுத்தார்கள் என்று கேட்டபோதுதான் கதை கிடைத்தது.